ஹீட்டர் குளிர்ந்தால் வண்டியை நிறுத்து

1

கனடாவில் கோதுமைச் சமவெளிக்கு நடுவில் இருக்கும் இந்தச் சின்ன நகரத்துக்கு நாங்கள் வந்து இறங்கி, இந்த நவம்பரோடு பத்து வருடம் முடிகிறது. மதுரையிலிருந்து கடிதம் எழுதும் சிநேகிதிகள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "அங்கே குளிரை எப்படித் தாங்குகிறாய்?"

வீட்டுக்குள் குளிர் கிடையாது. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குள்ளும் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் குளிர். அதைக் காருக்குள் உட்கார்ந்து கடக்கிறோம். கார் சரியாக இருந்தால் குளிர் என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். போன குளிர்காலம் முழுக்க எங்கள் கார் சரியாக இல்லை. அந்த நாலைந்து மாதத்தில் நடந்ததை எழுதி வைத்துவிட வேண்டும் என்று ஒரு வாரமாக மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். என் கணவர் செல்வராஜும் மதுரையில் அதே வேலையில் இருந்தவர்தான். அங்கேதான் நாங்கள் சந்தித்தோம். இங்கே என் சான்றிதழை ஒப்புக்கொண்டார்கள், இவருடையதை ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று முறை விண்ணப்பம் போட்டார். மூன்று முறையும் வேறு வேறு தாள் கேட்டார்கள். நான்காவது முறை போடாமல் மாவு மில்லில் சேர்ந்துவிட்டார். எங்கள் மகள் கயலுக்கு ஒன்பது வயது. பள்ளியில் அவள் பெயர் கேல்.

காரை ஐந்தாவது கையாக வாங்கினோம். படகு மாதிரி நீளம். அக்டோபர் கடைசியில் அதற்கு இரண்டு வியாதி ஒன்றாக வந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே சூடு காட்டும் முள் சிவப்புப் பக்கம் ஏறும். அதே நேரம் உள்ளே சூடான காற்று தர வேண்டிய ஹீட்டர் ஐஸ் காற்றை ஊதும். கொஞ்ச தூரம் போனால் தானாகச் சரியாகும். மறுநாள் மறுபடியும் வரும்.

முதல் தடவை கேரேஜுக்கு நான்தான் போன் செய்தேன். "என் கார் ரொம்ப சூடாக இருக்கிறது, சூடே இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மறுமுனையில் ஒரு ஆள் மறுபடி சொல்லச் சொன்னார். புரியவில்லையோ என்று, "என் கார் நிறைய குடிக்கிறது" என்றேன். வண்டி தண்ணீர் குடிக்கிறது என்பதை நாம் அப்படித்தானே சொல்வோம். அந்த ஆள் மிகவும் மரியாதையாக, "அம்மா, இப்போது காரை ஓட்டுவது யார்?" என்று கேட்டார். கயல் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கி, இரண்டே வாக்கியத்தில் விஷயத்தை முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஒரு சலிப்பு இருந்தது. கோபமாக இருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

கேரேஜில் இரண்டு வியாதிக்கும் தனித்தனி வைத்தியம் பார்த்தார்கள். முள் ஏறுகிறது என்று, இஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள். ஹீட்டர் குளிர்கிறது என்று அதன் மின்விசிறியை மாற்றினார்கள். ஒரு வாரம் கழித்து இரண்டு வியாதியும் திரும்பி வந்தன.

2

எனக்கு ஒரு அண்ணன் உண்டு. பெயர் முத்தையா. திருப்பரங்குன்றம் ரோட்டில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு இம்புட்டுப் படிப்பு என்று கேட்ட சொந்தக்காரர்களை எல்லாம் அவர் வாசலோடு அனுப்பியிருக்கிறார்.

செல்வராஜைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நான் ஒர்க்‌ஷாப்பில் வைத்துத்தான் சொன்னேன். வீட்டில் சொல்ல தைரியம் வரவில்லை. இவருடைய ஆட்கள் கொட்டாம்பட்டிப் பக்கம். இரண்டு தலைமுறைக்கு முன்னால் எங்களைப் போன்ற குடும்பங்களின் வயலில் கூலிக்கு நின்றவர்கள். அண்ணன் சத்தம் போடவில்லை. கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"யாரு வீட்டுப் பையன்னு தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரியும்ணே."

"அப்ப எங்கிட்ட எதுக்குக் கேக்குற? போ."

"கேக்கல அண்ணே. சொல்ல வந்தேன்."

அவர் குனிந்து ஒரு காருக்கு அடியில் போய்விட்டார். நான் அரை மணி நேரம் நின்றேன். அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவர் வெளியே வரவில்லை.

பதிவுத் திருமணத்துக்கு வரவில்லை. நாங்கள் விமானம் ஏறிய அன்றும் வரவில்லை. இங்கிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் எழுதினேன். கயல் பிறந்ததை எழுதினேன், அவள் நடந்ததை எழுதினேன், படம் வைத்து அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆனையூரில் வீடு கட்டிக் குடிபோனார் என்பதைக்கூட ஒரு சிநேகிதி எழுதித்தான் தெரிந்துகொண்டேன்.

நவம்பரில் ஒரு மதியம், ஆஸ்பத்திரி சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து ஒரு நீல ஏர்மெயில் தாளில் காரைப் பற்றி அவருக்கு எழுதினேன். நலமா என்று கேட்கவில்லை. கயலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முள் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது, ஹீட்டர் என்றால் என்ன, அது எந்த நேரத்தில் குளிர்கிறது, கேரேஜில் என்னென்ன மாற்றினார்கள், இவ்வளவுதான். ஏன் எழுதினேன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. தபால் பெட்டிக்குள் போட்ட பிறகு கையை உள்ளே விட்டு எடுக்க முடியுமா என்று பார்த்தேன்.

இருபத்தைந்தாவது நாள் பதில் வந்தது.

3

"அன்புள்ள" இல்லை. என் பெயரும் இல்லை. தாளின் முதல் வரியே இதுதான்:

"ஹீட்டருன்னு நீ எழுதுனத நான் பாத்ததில்ல. மதுரையில அதுக்கு வேலை இல்ல. ஆனா நீ சொல்றதப் பாத்தா, ரேடியேட்டர்ல ஓடுற அதே சுடுதண்ணிதான் ஒரு குழாய் வழியா அதுக்குள்ளயும் ஓடுது. அப்ப இது ரெண்டு வியாதி இல்ல. ஒரே வியாதி. தண்ணி போக வேண்டிய எடத்துல காத்து நிக்குது. அதான் இஞ்சின் கொதிக்குது, ஹீட்டர் குளுருது."

அப்புறம் செய்முறை. இஞ்சின் ஆறிக் கிடக்கும்போது, வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி மேட்டில் நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டு ஓட விட வேண்டும். தண்ணீரில் குமிழி வரும். குறையக் குறைய ஊற்ற வேண்டும். "குமிழி கொஞ்ச நேரத்துல நின்னா வெறும் காத்து, தொல்லை விட்டுச்சு. நிக்காம வந்துக்கிட்டே இருந்தா இஞ்சின் தலைக்கு அடியில அடைப்பா இருக்க தகடு, ஹெட் கேஸ்கட், போயிருச்சு, இஞ்சின் புகை தண்ணிக்குள்ள வருது. எதுன்னு எழுது. சூடா இருக்கப்ப மூடியில கைய வைக்காத."

கையெழுத்து இல்லாமல் முடிந்திருந்தது. நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று தரம் படித்தேன்.

செல்வராஜ் ஒரே தரம்தான் படித்தார்.

"என்னையப் பத்தி ஒரு வார்த்த இல்ல," என்றார். "ஆனா செய்யச் சொல்லியிருக்கிற வேலை பூரா எனக்குத்தான்."

"வேணாம்னா விட்ருங்க."

"வேணாம்னு சொன்னேனா? மேட்டுக்கு எங்க போறது?"

அதுதான் பிரச்சினை. இந்த ஊரில் மேடே கிடையாது. வாசலில் நின்றால் அடுத்த ஊரின் தானியக் கிடங்கு தெரியும். ஊருக்குள் எனக்குத் தெரிந்த ஒரே சரிவு, எங்கள் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஏறும் பாதை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போய் நிறுத்தி, இஞ்சின் ஆறக் காத்திருந்து, மூடியைக் கழற்றினோம். இங்கே வெறும் தண்ணீர் ஊற்ற முடியாது, உறைந்து இரும்பைப் பிளந்துவிடும். உறையாத பச்சைத் திரவம் கலந்து ஊற்ற வேண்டும். இவர் ஊற்றினார். குமிழி வந்தது. நாங்கள் இருவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கயல் பின் இருக்கைக்குக் கீழே படுத்துக்கொண்டாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாராவது பார்த்துவிடுவார்களாம்.

குமிழி நிற்குமா நிற்காதா என்று தெரிவதற்குள் காவலாளி ஓடி வந்தார். இது ஆம்புலன்ஸ் பாதை, உடனே எடுங்கள் என்றார். மூடியைப் போட்டு எடுத்துவிட்டோம். ஆனால் திரும்பி வரும்போது ஹீட்டர் சூடாக ஊதியது. கயல் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் அதன் முன்னால் நீட்டினாள். மேடே இல்லாத ஊரையும் பச்சைத் திரவத்தையும் சொல்லி நான் அண்ணனுக்கு எழுதினேன்: "வெறும் காற்றுதான். சரியாகிவிட்டது."

அதற்கு வந்த பதிலில் அவர் கோபம் தெரிந்தது.

"காத்து எங்கருந்து வந்துச்சு? அதுவா வராது. நீ குமிழி நின்னதப் பாத்தேன்னு எழுதல. அப்ப பாக்கல. இனிமே முள்ள நம்பாத. முள்ளோட வயர் முனை தண்ணிக்குள்ள முங்கி இருந்தாத்தான் அது உண்மையச் சொல்லும். தண்ணி எறங்கிட்டா அது பாட்டுக்குச் சும்மா கெடக்கும். ஹீட்டர் குளுந்தா வண்டிய நிறுத்து. அந்த எடத்துலயே நிறுத்து. நீ எழுதுன அந்த உறையாத பச்சத் தண்ணி ரெண்டு கேன் வண்டியில வச்சுக்க. பிள்ளய வச்சு ஓட்டுற."

கடைசி மூன்று வார்த்தையை எத்தனை தரம் படித்தேன் என்று எண்ணவில்லை. பிள்ளை என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் அனுப்பிய கடிதங்களை அவர் படித்துத்தான் இருக்கிறார்.

4

அண்ணனுக்குக் காத்திருப்பது மட்டும் எப்படி முடிகிறது என்று எனக்கு எப்போதும் ஆச்சரியம். எழுபதுகளின் தொடக்கத்தில், படிப்பில் சேர்வதற்கான நேர்காணலுக்கு என்னைத் திருச்சிக்குக் கூட்டிப் போனார். யாருடையதோ டாக்சி, ரிப்பேருக்கு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. கொட்டாம்பட்டி தாண்டியதும் பானட்டிலிருந்து ஆவி. சித்திரை மாதம். சாலையின் இரண்டு பக்கமும் அறுத்துப்போட்ட வயல், ஒரு புளியமரம். அண்ணன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தார்.

"ஊத்தி எடுங்கண்ணே. பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காக."

"ஆறட்டும்."

"எம்புட்டு நேரம்?"

"அது ஆறுற நேரம்."

நான் அழுதேன், திட்டினேன், தனியாக நடந்து போகிறேன் என்று கொஞ்ச தூரம் நடந்தும் பார்த்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, மூடியின் மேல் ஈரத்துணியைப் போட்டுத் திறந்து, தண்ணீர் ஊற்றி, ஒன்றும் நடக்காததுபோல ஓட்டினார். பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே பியூனிடம் என்ன பேசினாரோ, கடைசி ஆளாக என்னை உள்ளே விட்டார்கள்.

5

ஜனவரி கடைசியில் குடியுரிமை நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. நூற்று முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெரிய நகரத்தில், காலை பத்தரை மணிக்கு. இந்தக் கடிதத்துக்காக ஒன்றேகால் வருடம் காத்திருந்தோம். அதில் பாதி நாள் என் பெயரிலேயே போனது. நம்மில் அப்பா பெயர் முன்னால் வரும் என்பதை அவர்களுக்குப் புரியவைக்க முடியவில்லை. ஒரு தாளில் அப்பா நான் ஆனார். இன்னொரு தாளில் நான் என் கணவருக்கு மகளானேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தியப் பிரமாணம். வராமல் போனால் மறுபடி தேதி தர மாதக்கணக்காகும் என்று கடிதத்தின் கீழே தடித்த எழுத்தில் இருந்தது.

அன்று காலை பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு டிகிரி. சாலை வெறிச்சென்று இருந்தது. இரண்டு பக்கமும் வெள்ளை, கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒன்றும் இல்லை. நான் கையுறையைக் கழற்றி, ஹீட்டர் காற்று வரும் இடத்தில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். இருபத்தைந்து கிலோமீட்டர் பாக்கி என்று பலகை வந்து கொஞ்ச நேரத்தில் காற்று வெதுவெதுப்பானது. பிறகு குளிர்ந்தது.

"நிறுத்துங்க."

செல்வராஜ் முள்ளைப் பார்த்தார். "நடுவுலதான் நிக்குது. ஒண்ணுமில்ல."

"ஹீட்டர் குளுந்துருச்சு. நிறுத்துங்க."

"இன்னும் கால் மணி நேரம் சௌந்தரம். போயிருவோம்."

"முள்ளு பொய் சொல்லுதுங்க. நிறுத்துங்கன்னா நிறுத்துங்க!"

அவர் நிறுத்தினார். இஞ்சினை அணைத்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பேசினார், என் பக்கம் திரும்பவில்லை.

"பத்து வருஷமா நான் சொல்றதுக்கு ஒரு மதிப்பு இல்லாமப் போச்சு. கடல் தாண்டி ஒரு ஆளு, என் பேரச் சொல்றதுக்குக்கூட நாக்கு வராத ஆளு, ஒரு வரி எழுதிட்டா அது வேதமாயிருது."

"அது வண்டியப் பத்தி எழுதுனதுங்க."

"எல்லாம் வண்டியப் பத்தித்தான். எனக்குத் தெரியாதா?"

கயல் பின்னாலிருந்து ஆங்கிலத்தில், "யாரைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள்?" என்று கேட்டாள். நான் பின்னால் ஏறி, இருந்த இரண்டு கம்பளியையும் போர்த்தி அவளை மடியில் வைத்துக்கொண்டேன். அவ்வளவு பெரிய பிள்ளையை மடியில் வைத்து வெகு நாளாகியிருந்தது. கண்ணாடியின் உட்பக்கம் எங்கள் மூச்சு பனியாகப் படிந்தது. என் மனசு மணி பத்து, பத்தே கால் என்று ஓடிக்கொண்டே இருந்தது. நான் சொன்னது தப்பாக இருந்தால்? இவர் சொன்னபடி ஓட்டியிருந்தால் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்போமே? இறங்கி ஓடலாமா என்றுகூடத் தோன்றியது. ஓடி எங்கே போவது?

முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு இவர் இறங்கி, மூடியின் மேல் துணியைப் போட்டு மெதுவாகத் திறந்தார். எட்டிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. முதல் கேன் முழுசாக உள்ளே போனது. இரண்டாவது கேனில் பாதி போனது. அவர் கேனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

பதினொன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் பெயரைக் கூப்பிட்டு, பதில் இல்லாமல் அடித்துவிட்டிருந்தார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் ஒரு தாளை நீட்டி, தாமதத்துக்குக் காரணம் எழுதச் சொன்னாள். கயல் வாங்கி எழுதினாள். நான் கெஞ்சிப் பார்த்தேன். அந்தப் பெண் சிரித்த முகத்தோடு, புதிய தேதி தபாலில் வரும் என்றாள். கெஞ்சுவதற்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அங்கே தீர்ந்துபோனது. பியூனிடம் போய்ப் பேசுவதற்கு இங்கே பியூன் கிடையாது, அண்ணனும் கிடையாது.

6

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்வராஜ் தானாகவே இரண்டு கனமான பலகைகளை வாங்கி வந்து, முன் சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றினார். வீட்டு வாசலில் எங்களை விரட்ட யாரும் இல்லை. மூடியைத் திறந்து இஞ்சினை ஓடவிட்டு, பனியில் நாற்பது நிமிடம் நின்று பார்த்தார். குமிழி நிற்கவே இல்லை.

கேரேஜ்காரரிடம் போய், "ஹெட் கேஸ்கட்" என்று இவரே சொன்னார். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு இஞ்சினைப் பிரித்துக் காட்டினார். கேஸ்கட் ஒரு ஓரத்தில் அரித்து, கறுத்துப்போயிருந்தது. "தண்ணீர் இல்லாமல் இன்னும் பத்து நிமிடம் ஓட்டியிருந்தால் இஞ்சின் இறுகிப்போயிருக்கும், நடு ரோட்டில் நின்றிருப்பீர்கள். யார் சொன்னது உங்களுக்கு?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னால் செல்வராஜ், "இவளுடைய அண்ணன். மதுரையில் இருக்கிறார்" என்றார்.

அண்ணனுக்கு நான் எல்லாவற்றையும் எழுதினேன். ஒட்டும் முன்னால் இவர் தாளை வாங்கி, அடியில் ஒரு வரி சேர்த்தார்: "நீங்கள் சொன்னது சரி. புது கேஸ்கட் போட்டாயிற்று. செல்வராஜ்."

அதற்குப் பதில் வரவில்லை. மார்ச் போனது, ஏப்ரல் போனது. மே மாதம் இரண்டாவது நேர்காணல் நடந்து, கை உயர்த்தி உறுதிமொழி சொல்லி, கனடாக்காரர்களானோம். கார் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஹீட்டரே தேவைப்படாத வெயில். தபால்காரர் வரும் நேரம் நான் ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடப்பதைப் பார்த்துவிட்டு இவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். இவர் எழுதிய அந்த ஒரு வரியால்தான் பதில் வரவில்லை என்று நானும் நினைத்தேன், இவரும் நினைத்தார். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

செப்டம்பரில் நான் ஒரு காரியம் செய்தேன். காருக்கு இல்லாத வியாதியை உண்டாக்கி அண்ணனுக்கு எழுதினேன். ஹீட்டர் போட்டால் பின் சக்கரத்திலிருந்து ஒரு சத்தம் வருகிறது, யாரோ முனகுவது மாதிரி இருக்கிறது, மேடு ஏறும்போது அதிகமாகிறது என்று எழுதினேன். மேடே இல்லாத ஊர் என்று போன குளிர்காலத்தில் நானே அவருக்கு எழுதியிருந்தது தபாலில் போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. இவரிடம் சொல்லவில்லை.

போன வாரம் பதில் வந்தது. மேலே என் பெயர் இல்லை. திரு. செல்வராஜ் என்று இருந்தது. இவர் மில்லிலிருந்து வரும்வரை அதைச் சமையலறை மேஜையில் வைத்துவிட்டு, சுற்றிச் சுற்றி வந்தேன். பிரிக்கவில்லை. இவர் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் பிரித்துப் படித்தார். பிறகு என் பக்கம் தள்ளினார்.

"மாப்ளைக்கு, நீங்க எழுதுன வரிக்கு என்ன எழுதன்னு தெரியாம நாளப் போக்கிட்டேன். நாலஞ்சு தரம் எழுதிக் கிழிச்சுட்டேன். இப்ப தங்கச்சி ஒரு சத்தம் வருதுன்னு எழுதியிருக்கா. அப்படி ஒரு சத்தம் எந்த வண்டியிலயும் வராது. ஹீட்டருக்கும் பின் சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்ல. அவ சின்னப் பிள்ளயில இருந்து பொய் சொல்லத் தெரியாதவ. இப்ப சொல்றான்னா மனசுல என்னமோ இருக்கு. அவளுக்கு என்ன கொற? உடம்புக்கு நல்லாத்தான் இருக்காளா? அவ எழுத மாட்டா. நீங்க எழுதுங்க. உள்ளது உள்ளபடி எழுதுங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இவர் திட்டுவார் என்று நினைத்தேன். இவர் கேட்டது ஒன்றுதான்.

"முனகுற சத்தமா?"

"ஆமாங்க."

"அதுவும் மேடு ஏறும்போது."

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலையில், ஒரு நீலத் தாளை விரித்து வைத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தார். என்னை அந்தப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். நான் துணியை மடித்தேன், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன். ஒரு மணி நேரமாகியும் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது தாளும் எடுத்தார். வெளியே விளையாடிவிட்டு வந்த கயல் பூட்ஸைக் கழற்றியபடியே எட்டிப் பார்த்து, தமிழில்தான் கேட்டாள்.

"அப்பா, கார் மறுபடியும் கெட்டுப் போச்சா?"

இவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

"இல்லம்மா, கார் நல்லா இருக்கு. உங்க மாமாவுக்கு எழுதுறேன்."